ஒழுங்கை முகப்பில் ஒரு சுமைதாங்கி

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவியான மகப்பேற்று வைத்தியர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் அக்கா என்னைத் தொலைபேசியில் அழைத்து, "நீர் இங்கிலாந்திலை இருந்தனீர்தானே, அங்கத்தை கிராமங்களைப் பற்றி ஏதாவது பேசும். சீனி வருத்தம், பிறஷர் எண்டு மட்டும் தொடங்காதையும்" என்றார். அவர் சொல்லைத் தட்ட முடியுமா? ஆகவே இங்கிலாந்தில் தொடங்குகிறேன். ஆனால் கொழும்புத்துறையில்தான் முடிப்பேன்.

மேற்படிப்பின் ஒரு பகுதியாக ஷெபீல்ட் நகருக்குப் பக்கத்தில் ஒரு வருடம் வேலை செய்தேன். ஓய்வு நாட்களில் பஸ் ஏறிச் சின்னச் சின்னக் கிராமங்களுக்குப் போவேன். கோட்டைகளையும் அரண்மனைகளையும் விட, வழிகாட்டிப் புத்தகத்தில் ஒரு வரிகூடப் பெறாத பொருட்களே என்னை இழுத்தன.

டார்பிஷயரில் ஈம் என்றொரு கிராமம். 1665இல் லண்டனிலிருந்து வந்த துணியோடு கொள்ளைநோய் அங்கே புகுந்தது என்பார்கள். நோய் அயலூர்களுக்குப் பரவாதிருக்க, 1666இல் ஊரவர்கள் தாமாகவே தங்கள் ஊரை மூடிக்கொண்டார்கள். ஊர் எல்லையில் குழிகள் குடைந்த ஒரு கல் இன்றும் கிடக்கிறது. அந்தக் குழிகளில் வினாகிரி ஊற்றிக் காசைப் போட்டு வைப்பார்களாம். வெளியூரவர் உணவை வைத்துவிட்டுக் காசை எடுத்துப் போவார்களாம். கிருமி என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலம் அது! அந்தக் கல்லைத் தொட்டபோது, ஒரு வைத்தியராக எனக்குக் கைகூப்பத் தோன்றியது.

வடக்கே ஏரி மாவட்டத்தில், றைடலுக்கும் கிராஸ்மியருக்கும் இடையே, தேவாலயத்துக்குப் பிரேதங்களைச் சுமந்து சென்ற பழைய நடைபாதை ஒன்று உண்டு. பாதையோரத்தில் ஒரு தட்டையான கல். சுமப்பவர்கள் களைத்தால் பெட்டியை அதன்மேல் இறக்கி வைத்து ஆறுவார்களாம். அந்தக் கல்லின் முன்னே நின்றபோதுதான் எங்கள் ஒழுங்கை முகப்பு கண்முன்னே வந்தது.

அங்கே ஒரு சுமைதாங்கி இருந்தது. என் வயதினருக்குத் தெரிந்திருக்கும். பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். நிமிர்த்தி நட்ட இரண்டு கற்கள், அவற்றின்மேல் குறுக்காக ஒரு பலகைக் கல், ஒரு ஆளின் தோளளவு உயரம். தலையிலே கடகத்தோடு தனியே வருகிற ஒருத்தி கடகத்தைக் கீழே இறக்கினால், திரும்பத் தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தோளளவில் கல் இருந்தால் தலையிலிருந்து அப்படியே சரித்து வைக்கலாம், ஆறியபின் அப்படியே தலையில் ஏற்றலாம். யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை. பூநகரிப் பக்கமிருந்து வள்ளத்தில் வந்து எங்கள் துறையில் இறங்கிய சுமைகள் தலைச்சுமையாகப் பட்டணம் போன காலத்தில் அந்தக் கல்லுக்கு ஓய்வே இருந்திராது.

எங்கள் முன்னோர் சுமைதாங்கியைத் தனியே வைக்கவில்லை. மாடு உடம்பை உரஞ்ச ஆவுரஞ்சிக் கல், தண்ணீருக்குக் கேணி, தங்குவதற்கு மடம் என்று பல இடங்களில் சேர்த்தே வைத்தார்கள். பருத்தித்துறைக்குப் போனால் தெருவையே கூரையால் மூடி நிற்கும் தெருமூடி மடத்தைப் பாருங்கள். வெயிலில் நடந்து வருபவன் யாரென்று கேளாமல் நிழல் கொடுத்த கட்டடம் அது.

லண்டனிலும் ஒரு சுமைதாங்கி உண்டென்றால் நம்புவீர்களா? பிக்கடிலி வீதியில், சுமை தூக்குவோருக்காக 1861இல் நிறுத்திய தோளுயரப் பலகை. அதைப் பேணிக்காக்குமாறு மக்களைக் கேட்கும் வாசகமும் அதிலே உண்டு. அப்படியிருந்தும் 2014இல் அது காணாமற்போய், பின்னர் அதைப்போலவே இன்னொன்று செய்து நிறுத்தினார்கள்.

ஆனால் லண்டன் பலகைக்கும் எங்கள் கல்லுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வந்தேன்.

சிறுவயதில் பள்ளி விட்டு வரும்போது அந்தக் கல்லில் ஏறி இருப்போம். என் அம்மம்மா கண்டால், "இறங்கு பிள்ளை, அது இருக்கிற கல்லில்லை" என்று ஏசுவார். ஏனென்று சொல்லமாட்டார்.

1995 ஒக்டோபர் 30. அந்த நாளை உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. எனக்கு 15 வயது. மழைக்குள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் நாவற்குழிப் பக்கமாக வெளிக்கிட்டோம். ஒழுங்கை முகப்பில் அம்மம்மா நின்றுவிட்டார். தன் துணிமூட்டையைச் சுமைதாங்கியில் வைத்தார். கல்லைத் தடவி, "அம்மா, போட்டு வாறன்" என்றார். பிறகு மூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

தென்மராட்சியில் இடம்பெயர்ந்து இருந்த நாட்களில்தான் அவர் கதையைச் சொன்னார். 1930களின் தொடக்கத்தில், அம்மம்மாவுக்கு ஏழு வயதாக இருக்கையில், அவருடைய தாய்க்கு, அதாவது என் பூட்டிக்கு, இரண்டாம் பிரசவம். மூன்று நாள் நோவு. பிள்ளையின் கை முன்னே வந்துவிட்டதாம். இணுவிலில் மகளிருக்கான மக்லியோட் மருத்துவமனை அப்போதே இருந்தது. மாட்டு வண்டிலில் ஏற்றினார்கள், போய்ச் சேரவில்லை. வயிற்றில் பிள்ளையோடு இறந்த பெண்ணின் சுமை மறு உலகிலும் இறங்காது, அவள் பெயரால் ஒரு சுமைதாங்கி வைத்தால்தான் இறங்கும் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. பூட்டிக்காக வைத்த கல்தான் அது.

அக்காமாரே, நான் மகப்பேற்று வைத்தியர். குறுக்காகக் கிடக்கும் பிள்ளையை இன்று ஒரு மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்து எடுத்துவிடுகிறோம். தாயும் பிள்ளையும் சில நாட்களில் வீட்டுக்குப் போகிறார்கள். 1930களில் இலங்கையில் ஒரு இலட்சம் பிரசவங்களுக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். அண்மைக் காலத்தில் அது 30 அளவுக்குக் குறைந்திருக்கிறது. சத்திரசிகிச்சை, இரத்த வங்கி, நுண்ணுயிர்கொல்லி மருந்து எல்லாம் காரணம். வீடு வீடாகச் சைக்கிளில் போன மருத்துவமாதரும் காரணம். இன்னுமொரு காரணம் இந்த மண்டபத்தில் இருக்கிறது. படித்த பெண், கால் வீங்கினால், கண் மங்கினால், அதை விதி என்று இருந்துவிட மாட்டாள், கிளினிக்குக்கு வருவாள். இந்தப் பாடசாலை நூறு வருடமாகச் செய்த வைத்தியம் அது.

இன்று ஒரு தாய் இறந்தால் ஏன் இறந்தாள், எங்கே பிந்தினோம் என்று விசாரித்துக் கோப்பில் எழுதுகிறோம். அன்று கோப்பு இல்லை. ஊர் ஒரு கல்லை நட்டது. வழிப்போக்கரெல்லாம் அந்தக் கல்லில் சுமையை இறக்கி, அவளை அறியாமலே அவளுக்கு நன்றி சொன்னார்கள். அரசர்களுக்கு மந்திரிமனை உண்டு, தோரண வாசல் உண்டு. கிராமத்துப் பெண்களுக்கு இந்தக் கற்கள்தான் உண்டு. அவற்றில் பெரும்பாலும் பெயர்கூட இருக்காது.

சில வருடங்களுக்கு முன் ஊருக்கு வந்தபோது வீதி அகலித்து, தார் போட்டு, அழகாக இருந்தது. கல்லைக் காணவில்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை. வேலை செய்தவர்களுக்கு அது வெறும் கல். அதன் கதையை அவர்களுக்குச் சொல்ல நாங்கள் ஒருவரும் அங்கே இல்லை. தேடித் திரிந்து, வடிகால் ஓரத்தில் குப்புறக் கிடந்த பலகைக் கல்லைக் கண்டுபிடித்தோம். நட்ட கற்கள் இரண்டும் கிடைக்கவில்லை. இப்போது புதுச் சீமெந்துக் கால்களின்மேல், எங்கள் வளவு வேலியோரம் ஒழுங்கையைப் பார்த்தபடி நிற்கிறது. தலைச்சுமையோடு வருவார் இல்லை. மரக்கறி வாங்கி வருபவர்கள் பையை வைத்துவிட்டுக் கதைத்துக்கொண்டு நிற்கிறார்கள். எனக்கு அது போதும்.

பூட்டியின் பெயரை அம்மம்மாவின் பிறப்புச் சான்றிதழில்தான் முதன்முதல் வாசித்தேன். அதைக் கல்லில் பொறித்திருக்கிறேன்.

இனி என் வேண்டுகோள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கும் உங்களிடம் பணம் கேட்கவில்லை. அடுத்த முறை ஊருக்கு வரும்போது, உங்கள் ஒழுங்கையில் சுமைதாங்கியோ, ஆவுரஞ்சிக் கல்லோ, தூர்ந்த கேணியோ இருந்தால் ஒரு படம் எடுங்கள். யார் வைத்தது, யாருக்காக வைத்தது என்று வீட்டில் மூத்தவர்களைக் கேளுங்கள். இன்றைக்கே தொலைபேசியில் கேட்டால் இன்னும் நல்லது. அவர்கள் எங்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். கிடைப்பதை நாலு வரியில் எழுதிச் சங்கத்துக்கு அனுப்புங்கள். எங்கள் வரலாற்றுப் பாட மாணவிகள் அதைத் தொகுக்கட்டும்.

பிள்ளைகளே, நீங்கள் அந்தக் கற்களில் ஏறி இருந்தால் நான் ஏச மாட்டேன். ஆனால் யாருடைய கல் என்று கேட்டுவிட்டு இருங்கள்.