கணக்கில் ஏறாத படைச் செலவு



கொழும்பு ஜிந்துப்பிட்டியில் சிவசுப்பிரமணிய சுவாமி கோவிலைச் சூழ்ந்த வீதிகளிலும், அதற்கு அணித்தாயுள்ள செட்டியார் தெருவிலும் வணிகஞ் செய்வோர், கடை சாத்துமுன் அன்றன்றைய வரவையும் செலவையும் எழுதி முடிப்பது வழக்கம். எழுதாமற் பணம் வெளியே போனால் முதலாளி கேட்பார். கணக்கப்பிள்ளை விடை கூறியே ஆகவேண்டும். கடைக்குரிய இந்நியதி அரசாங்கத்துக்கும் உரியதே. வரிப்பணம் குடிகளுடையது, அதைச் செலவிடுவோர் கணக்கப்பிள்ளைகளே. இதனாலேதான் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் பாராளுமன்றத்தில் வைக்கப்படுகின்றது. கணக்காய்வாளர் தலைமையதிபதி அதனைச் சோதிக்கின்றார்.

எனினும், உலகத்து அரசாங்கங்கள் பலவற்றிடம் இரண்டாவது ஏடு ஒன்றும் உண்டு. அயல் நாடொன்றில் இயங்கும் படைக்கோ ஆயுதக் குழுவுக்கோ பணமும் பயிற்சியும் துப்பாக்கியும் மறைவாகக் கொடுக்கும்போது, அச்செலவு அந்த இரண்டாவது ஏட்டிற்றான் ஏறும். பெறுகின்ற படை குடிமக்களைக் கொன்றால், கொடுத்தவரைக் கேட்பார் இல்லை. ஏனெனில் கொடுத்ததாகவே எங்கும் எழுதியிருக்கவில்லை. இவ்வழக்கம் எத்தகைய கேடுகளை விளைவிக்கும் என்பதற்கு இத்தீவின் வரலாறே போதிய சான்றாகும். 1983 முதல் 1990 வரையுள்ள ஏழாண்டுகளுக்குள், மூன்று அரசாங்கங்கள் மூன்று வகையாக இதனைச் செய்தன.

முதலாவது, இந்தியா. 1983 ஜூலைக் கலவரத்தின் பின்னர், இலங்கைத் தமிழ் இளைஞர் இயக்கங்களுக்கு இந்திய அரசின் வெளிநாட்டு உளவு நிறுவனமான ‘றோ’ பயிற்சியும் ஆயுதமும் வழங்கியது. இமயமலைச் சாரலில் டேராடூனுக்கு அப்பாலுள்ள சக்ராதாவிலும், தமிழ்நாட்டின் பல இடங்களிலும் முகாம்கள் நடைபெற்றன. 1984 மார்ச்சு மாதத்தில் ‘இந்தியா டுடே’ இதழ் இச்செய்தியை வெளியிட்டபோது, அரசாங்கம் அதனை மறுத்தது. 1997 இல் வெளியான ஜெயின் ஆணைக்குழுவின் இடைக்கால அறிக்கை, மறுக்கப்பட்டவற்றுள் பலவற்றை அரசாங்க ஆவணமாகவே பதிந்து வைத்தது. வீடும் உடைமையும் இழந்து, உற்றாரைப் பறிகொடுத்து நின்ற ஒரு மக்களுக்கு அயலார் உதவியது தவறா என்று வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆனால் ஆயுதம் பெற்றவர்கள் அதனை எவர்மீது பயன்படுத்தினர் என்று கேட்கும் உரிமை, வரி செலுத்திய இந்தியக் குடிமகனுக்கும் இல்லை; எவர் பெயராற் போர் நடந்ததோ அந்தத் தமிழ்க் குடிமகனுக்கும் இல்லை. 1985 மே 14 அன்று அநுராதபுரத்தில் விடுதலைப் புலிகள் 146 பொதுமக்களைக் கொன்றனர். 1986 இல் அதே இயக்கம், அதே அரசிடம் பயிற்சி பெற்ற டெலோ இயக்கத்தினரை யாழ்ப்பாண வீதிகளிலே கொன்று குவித்தது. அப்பொழுதும் இரண்டாவது ஏடு மூடியே கிடந்தது.

இரண்டாவது, பிரித்தானியா. இலங்கை அரசாங்கம் படைப் பயிற்சி நாடியபோது, இந்தியாவின் மனத்தாங்கலுக்கு அஞ்சிய இலண்டன் அரசாங்கம் தன் பெயரால் அதனைச் செய்ய முன்வரவில்லை. அதற்கு மாறாக, பிரித்தானிய விசேடப் படையிலிருந்து விலகியோர் நடத்திய கே.எம்.எஸ். என்னும் தனியார் நிறுவனம் 1984 முதல் இங்கு வந்து, பொலிஸ் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சியளித்தது. இங்கே கூலி கொடுத்தது கொழும்பு. கண்ணை மூடிக்கொண்டது இலண்டன். 1987 ஜனவரி இறுதியில், மட்டக்களப்பு மாவட்டத்துக் கொக்கட்டிச்சோலையில், அதிரடிப் படையினரின் நடவடிக்கையில் இறால் பண்ணைத் தொழிலாளர் உட்படப் பல பொதுமக்கள் கொல்லப்பட்டனர். அதன் பின்னரும் அந்நிறுவனம் தடுக்கப்படவில்லை. 1978 முதல் 1980 வரையான இலங்கை பற்றிய கோப்புகளில் ஏறத்தாழ 200 கோப்புகளைப் பிரித்தானிய வெளிநாட்டு அலுவலகம் அழித்துவிட்ட செய்தி 2018 இல் வெளிவந்தது. கே.எம்.எஸ். மீது இலண்டன் மாநகரப் பொலிசார் போர்க்குற்ற விசாரணை தொடங்கியது 2020 இலேயே. சம்பவத்துக்கும் விசாரணைக்கும் இடையே ஒரு தலைமுறை கழிந்துவிட்டது.

மூன்றாவது, இலங்கை அரசாங்கமே. 1987 ஜூலை 29 அன்று கையெழுத்தான இந்திய இலங்கை ஒப்பந்தத்தின்படி வந்த இந்திய அமைதி காக்கும் படை, அவ்வாண்டு ஒக்டோபரிலேயே புலிகளுடன் போரில் இறங்கியது. தான் முன்னர் பயிற்சியளித்தோரின் கையாலேயே இந்தியப் படை ஆயிரத்துக்கு மேற்பட்ட வீரரை இழந்தது. அப்படையும் குற்றமற்று நிற்கவில்லை. ஒக்டோபர் 21 அன்று யாழ்ப்பாண வைத்தியசாலைக்குள் நோயாளரும் வைத்தியரும் தாதியரும் சுடப்பட்டு இறந்தனர். 1989 இல் ஜனாதிபதி பிரேமதாச இந்தியப் படை வெளியேறுதல் வேண்டுமென வற்புறுத்தினார். அதே வேளை, அதுவரை பகைவராயிருந்த புலிகளுக்கு அவருடைய அரசாங்கம் மறைவாக ஆயுதம் வழங்கியது.

இக்கட்டத்திலேதான் இவ்வரலாற்றின் மிகக் கொடிய பகுதி நிகழ்ந்தது. தாம் வெளியேறிய பின்னர் வடக்குக் கிழக்கு மாகாண சபையைக் காப்பதற்கென, இந்திய அதிகாரிகள் தமக்கு வேண்டிய இயக்கங்களைக் கொண்டு ‘தமிழ்த் தேசிய இராணுவம்’ என்னும் படையொன்றைத் திரட்டினர். அதற்கு ஆள் சேர்த்த முறை யாது? வீதியிற் சென்ற பிள்ளைகளும், ரியூட்டரி வகுப்புக்குச் சென்ற பிள்ளைகளும் பிடித்துச் செல்லப்பட்டனர். தலைமுடி மழிக்கப்பட்டு, சில கிழமைப் பயிற்சியின் பின் துப்பாக்கி கையில் திணிக்கப்பட்டது. தம் மகனைக் காப்பாற்ற எண்ணிய பெற்றோர், கையிலிருந்ததை விற்று அவனைக் கொழும்புக்கு அனுப்பினர். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் இருந்த விடுதிகளில் அத்தகைய பிள்ளைகள் தங்கினர். அனுப்ப வசதியற்றோரின் பிள்ளைகள் அங்கேயே அகப்பட்டனர். இந்தியப் படை பின்வாங்கிய ஒவ்வோரிடத்திலும், புலிகள் அப்பிள்ளைகளைத் தாக்கினர். இந்தியா கொடுத்த துப்பாக்கியோடு ஒரு தமிழ்ப் பிள்ளை; கொழும்பு கொடுத்த துப்பாக்கியோடு எதிரே இன்னொரு தமிழ்ப் பிள்ளை. இருவரும் ஒரே வகுப்பில் இருந்து ஒரே பரீட்சை எழுதியிருக்கவேண்டிய வயதினர். இரண்டு துப்பாக்கிகளுமே எந்தப் பாராளுமன்றத்தின் கணக்கிலும் இல்லை. 1990 மார்ச்சு 24 அன்று கடைசி இந்திய வீரரும் கப்பலேறியபோது, இறந்த பிள்ளைகளுக்காகப் பொறுப்பேற்க எந்த அரசாங்கமும் முன்வரவில்லை.

கொடுத்தவர்களையும் அது விடவில்லை. 1990 ஜூனில் புலிகள் மீண்டும் போர் தொடுத்து, கிழக்கில் சரணடைந்த பல நூறு பொலிசாரைக் கொன்றனர். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்டார். 1993 மே 1 அன்று, ஜிந்துப்பிட்டியிலிருந்து நடந்து செல்லும் தூரத்திலுள்ள ஆமர் வீதியில், மே தின ஊர்வலத்தில் நின்ற ஜனாதிபதி பிரேமதாசவும் அவருடன் நின்ற பலரும் தற்கொலைக் குண்டினால் மாண்டனர். அவ்வூர்வலத்தில் இறந்த எளிய தொண்டர்கள், ஆயுதம் கொடுக்கும் முடிவைப் பற்றி ஒருபோதும் கேட்கப்பட்டவர்கள் அல்லர்.

அரசியலில் இரகசியம் இன்றியமையாதது என்று கூறுவர். உண்மையே. திருவள்ளுவர் பொருட்பாலில் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். ஆயினும் அவர் கூறும் ஒற்று, அரசன் உண்மையை அறிவதற்குரிய கருவி. குடிகளிடமிருந்து உண்மையை மறைப்பதற்குரிய கருவி அன்று. அதே பாலிலே செங்கோன்மையும் கொடுங்கோன்மையும் தனித்தனி அதிகாரங்களாய் நிற்கின்றன. படை எந்த நாழிகையில் எவ்வழியாற் செல்லும் என்பது இரகசியமாயிருக்கலாம். எவருக்குப் பணம் கொடுக்கப்பட்டது, அவர் அதனால் என்ன செய்தார் என்பது என்றென்றும் இரகசியமாயிருத்தல் ஆகாது.

பிற நாடுகளிலும் இந்நோய் உண்டு. மருந்து தேடிய முயற்சியும் உண்டு. நிக்கராகுவாவின் கொன்ரா படையினருக்கு இராணுவ உதவி செய்தலாகாது என்று அமெரிக்கக் காங்கிரஸ் 1984 இல் தடுத்திருந்தும், ஈரானுக்கு ஆயுதம் விற்ற பணத்தில் ஒரு பகுதி அப்படைக்குத் திருப்பப்பட்டது 1986 இல் அம்பலமாயிற்று. அதனை ஆராய்ந்த 1987 ஆம் ஆண்டு விசாரணையில், கே.எம்.எஸ். நிறுவனத்தைச் சேர்ந்தவர் பெயரும் அடிபட்டது. செனற்றர் பற்றிக் லேகியின் முயற்சியால் 1997 இல் ஒரு சட்டவிதி வந்தது. பாரதூரமான மனித உரிமை மீறல் செய்ததாக நம்பத்தக்க தகவலுள்ள எந்த அயல்நாட்டுப் படைப்பிரிவுக்கும் அமெரிக்க உதவி கிடையாது என்பதே அதன் சாரம். படை முழுவதையும் அன்றி, பிரிவைப் பெயர் சொல்லிச் சோதிப்பது அதன் சிறப்பு. எனினும் அங்கும் ஓர் ஓட்டை விழுந்தது: பயங்கரவாத ஒழிப்புக்கென அயல்நாட்டுத் துணைப்படைகளைப் பயன்படுத்தும் இரகசியத் திட்டமொன்றுக்கு அச்சோதனை கட்டாயமில்லை என்பதைப் பத்திரிகைகள் பின்னாளில் வெளிப்படுத்தின.

இந்தியாவில் 2005 இலும் இலங்கையில் 2016 இலும் தகவல் அறியும் உரிமைச் சட்டங்கள் நிறைவேறின. இந்தியச் சட்டம் ‘றோ’ முதலிய நிறுவனங்களுக்கு விலக்களித்துள்ளது. ஆயினும் மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு முழுமையாகச் செல்லாது என்றும் கூறுகின்றது. வாயில் முழுதும் அடைபடவில்லை, தட்டுவோர் தேவை.

அவ்வாறு தட்டியவர்கள் இம்மண்ணிலும் இருந்தனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் சிலர், மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர் அமைப்பாகக் கூடி, இந்தியப் படை, இலங்கைப் படை, இயக்கங்கள் ஆகிய எத்தரப்பையும் விடாது குற்றங்களைப் பதிவு செய்தனர். அவர்களுள் ஒருவரான வைத்திய கலாநிதி ரஜனி திராணகம 1989 செப்டெம்பர் 21 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். அவரும் நண்பரும் எழுதிய ‘முறிந்த பனை’ மறைந்திருந்த கணக்கில் ஒரு பகுதியை உலகுக்குக் காட்டியது. அரசாங்கங்கள் எழுதாது விட்ட கணக்கை ஆசிரியர்கள் எழுதினர் என்பது மறத்தற்கரியது.

இன்று செய்யவேண்டியவை மூன்று. அயல்நாட்டுப் படைக்கோ குழுவுக்கோ செல்லும் ஒவ்வோர் உதவியும், இரகசியம் பேண உறுதி பூண்ட பாராளுமன்றக் குழுவொன்றுக்கேனும் தெரிவிக்கப்படல் வேண்டும். குறித்த ஆண்டுகள் கழிந்ததும் கோப்புகள் திறக்கப்படல் வேண்டும். அழிப்பது குற்றமாதல் வேண்டும். பிடித்துச் செல்லப்பட்டு மீளாத பிள்ளைகளின் பெயர்கள், எந்தத் தரப்பாற் கொண்டுசெல்லப்பட்டிருப்பினும், காணாமற்போனோர் பற்றிய அலுவலகத்தின் பதிவில் முழுமையாக இடம்பெறல் வேண்டும்.

இவை இறந்தோரை மீட்டுத் தரமாட்டா. ஆயினும் அடுத்த முறை ஒரு பள்ளிப் பிள்ளையின் கையிற் துப்பாக்கியைக் கொடுக்க எண்ணும் அதிகாரி, அதன் கீழே தன் கையொப்பத்தை இடவேண்டியிருக்கும் என்று அறிந்தால், ஒரு கணமேனும் தயங்குவார். அந்த ஒரு கணம் ஒரு பிள்ளையைக் காக்கப் போதுமானதாயிருக்கலாம்.