மார்மன் சபையும் நமது சங்கமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இன்று நான் பேசப்போவது உங்களில் சிலருக்கு ஆச்சரியமாயும், சிலருக்குக் கோபமாயும் இருக்கலாம். ஒரு மதத்தைப் பற்றி, அதிலும் அதனிடமுள்ள ஒரு நல்ல சங்கதியைப் பற்றிப் பேசப்போகிறேன். அமெரிக்காவில் யூட்டா மாகாணத்திலே மிகுந்திருக்கும் மார்மன் மதந்தான் அது.

முதலில் அதன் புராணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜோசப் ஸ்மித் என்ற ஒரு குடியானவர் வீட்டு வாலிபர், தேவதூதன் ஒருவன் இடம் காட்டத் தான் தங்கத் தகடுகளைத் தோண்டியெடுத்ததாகவும், அவற்றிலிருந்ததைக் கடவுள் அருளால் மொழிபெயர்த்ததாகவும் சொல்லி 1830ல் ஒரு புத்தகம் போட்டார். தகடுகள் எங்கே அய்யா என்றால், தேவதூதனே திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டானாம்! ஆசிரியரே இல்லாமல் தானாக உண்டானது என்று சொல்லப்படும் நம்மூர் வேதத்துக்கு இது எவ்வளவோ தேவலை. ஆள் பேராவது தெரிகிறது. அதே வருஷம் சபை ஏற்பட்டது. 1844ல் ஸ்மித்தைச் சிறைக்குள்ளேயே ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. பிறகு பிரிகாம் யங் என்பவர் ஜனங்களை அழைத்துக்கொண்டு 1847ல் உப்பு ஏரிப் பள்ளத்தாக்குக்குப் போய்ச் சேர்ந்தார்.

இந்தப் புளுகை டாக்டர்களும் எஞ்சினீயர்களும் கூட எப்படி நம்புகிறார்கள் என்று கேட்பீர்கள். அவர்களில் பலர் முதலில் கூட்டத்தில் சேர்ந்து, பிறகே கதையை நம்பியிருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம்.

எப்படியெனில், அவர்கள் வட்டாரம் வட்டாரமாகச் சில நூறு பேர் கொண்ட சபைகளாக இருக்கிறார்கள். எந்தத் தெருவில் குடியிருக்கிறாயோ அந்தத் தெருவுக்குரிய சபைதான் உன் சபை. அதன் தலைவருக்கு பிஷப் என்று பேர். ஆனால் சம்பளம் கிடையாது. வாரமெல்லாம் கடையோ உத்தியோகமோ பார்ப்பவர்தான். சில வருஷங்கள் இருந்துவிட்டு இறங்கிவிடுவார், வேறொருவர் வருவார். ஞாயிறன்று பிரசங்கம் செய்வதும் சபையாரேதான். கடைக்காரரும் பேசுவார், பள்ளிக்கூடப் பெண்ணும் பேசும். புதிதாக வந்தவனுக்கும் ஏதாவதொரு வேலை கொடுத்துவிடுவார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு இரண்டு வேளை பட்டினி கிடந்து, அந்தச் சாப்பாட்டுச் செலவை ஏழைகளுக்கென்று கொடுக்கிறார்கள். நம்மவர் ஏகாதசிப் பட்டினியால் எந்த ஏழையின் வயிறு நிறைந்தது? பெண்களுக்கு 1842லிருந்தே ஒரு உதவிச் சங்கம் இருக்கிறது. ஒருத்தி பிள்ளை பெற்றால் சபைப் பெண்கள் முறைபோட்டுச் சாப்பாடு கொண்டுவருவார்கள். வீடு மாற்றினால் சாமான் தூக்க ஆண்கள் வந்து நிற்பார்கள். சாவு விழுந்தால் அந்தக் குடும்பத்துக்குச் சமைத்துப் போடுவார்கள். சொந்தக்காரனில்லாமல் புது ஊரில் தவிப்பவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? தங்கத் தகடென்ன, தகரத் தகடு என்றாலும் தலையாட்டுவான்.

ஆனால் சும்மா கிடைப்பதல்ல. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். காப்பி, தேத்தண்ணீர் கூடாது. கறுப்பு இனத்தாருக்கு நெடுங்காலம் மறுத்து வந்த குருத்துவத்தை 1978ல்தான் கொடுத்தார்கள். ஆண்டவனுக்கு அந்த வருஷந்தான் புத்தி வந்தது போலும். பெண்களுக்கு இன்றும் இல்லை. எனக்கு அதிகமாய் வயிறெரிவது வேறொன்று. அவர்களுடைய பெரிய கோயிலுக்குள் கலியாணம் நடந்தால், அனுமதிச் சீட்டு உள்ளவரே பார்க்கலாம். பத்தில் ஒன்று கட்டாதவருக்கும் நம்பிக்கையை விட்டவருக்கும் சீட்டு இல்லை. பெற்ற தாயாயிருந்தாலும் மகள் கலியாணம் முடிகிறவரை வெளியே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். இந்தப் பயத்தாலேயே, நம்பிக்கை போன பிறகும் வாயை மூடிக்கொண்டு ஞாயிறுதோறும் போய் உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, நம் யோக்கியதை என்ன? பத்து வருஷம் தவறாமல் நம் கூட்டங்களுக்கு வந்தவர் ஒரு தோழர். அவர் மனைவி இறந்தபோது உறவினர் ஒதுங்கிக்கொண்டார்கள். நம்மில் போனவர் இரண்டே பேர். மூன்றாம் நாள் புரோகிதன் வந்தான், கூடவே உறவினரும் சோற்றுப் பானையும் வந்தன. இப்போது அவர் கோயிலுக்குப் போகிறார். அவரைக் கோழை என்று நம்மவர் சிலர் ஏசுகிறார்கள். அந்த மூன்று நாளும் நான் ஊரிலேயேதான் இருந்தேன், போகவில்லை. அவரை ஏச எனக்கு வாயில்லை.

மேஜைமேல் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறது. பேரும் தெருவும் எழுதுங்கள். சாவு வீட்டுக்கும் பிள்ளை பெற்ற வீட்டுக்கும் எந்தக் கிழமையில் உங்களால் வர முடியும் என்பதையும் எழுதுங்கள். பெண்களும் எழுத வேண்டும். முதல் பேரை நான் எழுதியிருக்கிறேன்.