லீவு லெட்டரை யாரிடம் கொடுப்பது?

(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடல் விழாவில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, "பத்து நிமிஷம் பேசணும்மா. வீட்ல இருந்தபடியே சம்பாதிச்சு, ரெண்டு பிள்ளைகளையும் வளர்க்கிறியே, அதைப் பத்திச் சொல்லு. நம்ம பிள்ளைகளுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். சாதனைக் கதை எதிர்பார்க்கிறார் என்று புரிந்தது. நான் சொல்லப்போவதோ நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. அதற்கு முன்னால் நம் வகுப்பறைச் சம்பவம் ஒன்று.

இரண்டாம் ஆண்டில் எனக்கு அம்மை போட்டிருந்தது. லீவு லெட்டரைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். துறைத்தலைவர் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். இதோ, முன்வரிசையில்தான் இருக்கிறார், கோபித்துக்கொள்ள மாட்டார். "போற தேதி மட்டும் போட்டா அது லீவு லெட்டர் இல்லைன்னு உங்க அக்காகிட்ட சொல்லு. வர்ற தேதியும் போடணும்" என்றாராம். அன்றைக்கு அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வேறு தாள் எடுத்து எழுதினேன். அந்த வார்த்தையின் அருமை தெரிய எனக்குப் பல வருஷம் ஆயிற்று.

இனி என் தொழிலைப் பற்றி. மதுரையில் என் வீட்டில் இருந்துகொண்டு 2012 முதல் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறேன். பெரும்பாலும் மருத்துவம் சம்பந்தப்பட்டவை. சம்பளம் கிடையாது, சொல் கணக்கில் கூலி. அதுவும் ஆங்கில மூலத்தில் எத்தனை சொல்லோ அத்தனைக்குத்தான் பேசிக்கொள்வோம். தமிழில் எண்ணினால் நமக்கு நஷ்டம். அவர்கள் நான்கு சொல்லில் சொல்வதை நாம் 'செய்யவேண்டியிருந்தது' என்று ஒரே சொல்லாக ஒட்டிவிடுவோம் இல்லையா?

தெருவில் என்னை 'வேலைக்குப் போகாத பிள்ளை' என்றுதான் சொல்வார்கள். பக்கத்து வீட்டு கேஸ் சிலிண்டரை நான்தான் வாங்கி வைப்பேன். எதிர் வீட்டுக் கூரியரும் என்னிடம்தான் வரும். "நீ வீட்லதான இருக்க!" என்பது நான் தினமும் கேட்ட வசனம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, தெருவில் பாதிப் பேர் கம்ப்யூட்டரும் கையுமாக வீட்டுக்குள் உட்கார்ந்தபோதுதான், "அடேயப்பா, இதை எப்படிம்மா இத்தனை வருஷமா சமாளிச்ச?" என்று கேட்டார்கள்.

2018ல் மூத்தவள் வயிற்றில் இருந்தபோது எல்லோரும் ஒரே மாதிரி வாழ்த்தினார்கள். "உனக்கென்ன கவலை! வீட்ல இருந்தே வேலை. ஒரு கையில பிள்ளை, ஒரு கையில வேலைன்னு ஓட்டிறலாம்." உண்மையைச் சொன்னால் நானும் அப்படித்தான் நம்பினேன். லீவு, அதற்குப் பணம், எனக்குப் பதில் ஆள் என்று எதையும் யோசிக்கவில்லை. வேலை கொடுப்பவர்கள் யாரிடமும் நான் கர்ப்பமாக இருப்பதைச் சொல்லவும் இல்லை. சொன்னால் வேறு ஆளைப் பிடித்துவிடுவார்கள், அந்த ஆள் நிலைத்துவிடுவார் என்று பயம். என் கணவர் வேலை பார்ப்பது ஒரு உதிரிபாகக் கடையில். வீட்டுக் கடன் தவணைக்கு இரண்டு பேர் வருமானமும் வேண்டும். மருத்துவக் காப்பீடு எடுக்கலாம் என்று அப்போது போய்க் கேட்டால், மகப்பேறு செலவுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும் என்றார்கள். பிள்ளை காத்திருக்குமா?

ஆவணியில் சிசேரியன் ஆயிற்று. பத்தொன்பதாம் நாள் ஒரு வேலை வந்தது. மருந்துப் பரிசோதனையில் சேரும் நோயாளிகளுக்கான படிவம். அப்படிச் சேருகிறவருக்கு அவருக்குப் புரிகிற மொழியில் எல்லாவற்றையும் எழுதிக்கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்குப் பிழைப்பு நடக்கிறது. ஆறாயிரம் சொல், நான்கு நாள் அவகாசம். சரி என்றேன்.

அம்மா தடுத்தார்கள். "பச்சை உடம்புத்தா, கண்ணுக்கு வேலை கொடுக்காத" என்றார்கள். நான் கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பிள்ளை பாலுக்கு அழும். பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, தூளிக் கயிற்றைக் காலில் கட்டிக்கொண்டு ஆட்டியபடியே தட்டச்சு செய்தேன். இரவா பகலா என்பதே தெரியவில்லை. நான்காம் நாள் விடியற்காலையில் அனுப்பிவிட்டு, பெரிய காரியம் சாதித்துவிட்டதாக நினைத்துத் தூங்கப் போனேன்.

ஒரு வாரம் கழித்துத் தொலைபேசி வந்தது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நான் தமிழாக்கியதை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் திரும்ப ஆங்கிலமாக்குவார். பிறகு அதை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிடுவார்கள். அப்படிப் பார்த்ததில் ஒரு வரி மாட்டிக்கொண்டது. மாத்திரையை 'இரண்டு நாளைக்கு ஒரு முறை' சாப்பிட வேண்டும் என்பது மூலம். நான் எழுதியிருந்தது 'ஒரு நாளைக்கு இரண்டு முறை'.

சொற்கள் எல்லாம் அதேதான். இடம்தான் மாறிவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு நாளில் ஒரு மாத்திரை விழுங்க வேண்டியவர் நான்கு விழுங்குவார். அந்தப் படிவம் அப்படியே ஒரு நோயாளியின் கைக்குப் போயிருந்தால்? போனைப் பிடித்திருந்த கை நடுங்கியது. இன்றைக்கும் 'முறை' என்ற சொல் வந்தால் இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் மேலே போகிறேன்.

அந்த ஒருங்கிணைப்பாளர் அம்மையாரும் தமிழ்நாட்டுக்காரர்தான். "இத்தனை வருஷத்துல நீங்க இப்படிச் செஞ்சதே இல்லையே, என்ன ஆச்சு?" என்று கேட்டார். அழுதுகொண்டே சொன்னேன், குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் ஆகிறது என்று. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சொல்லவே இல்லையேம்மா. சொல்லியிருந்தா இதை வேற ஆளுக்குக் கொடுத்துட்டு, மூணு மாசம் கழிச்சு உங்ககிட்டயே வந்திருப்போமே. எங்களுக்கு வேண்டியது நீங்க எப்போ இருப்பீங்க, எப்போ இருக்க மாட்டீங்கன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான்" என்றார்.

அப்போதுதான் நம் சாரின் குரல் காதில் விழுந்தது. போகிற தேதியும் வருகிற தேதியும் போட்டு ஒரு லெட்டர். அதை நான் யாருக்குமே எழுதவில்லை. மேலதிகாரி இல்லாத வேலை, அதனால் லீவு கேட்க ஆளும் இல்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

பிறகு சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். 1961ல் வந்த மகப்பேறு நலச் சட்டம், குழந்தை பிறந்த நாளிலிருந்து ஆறு வாரத்துக்கு அந்தத் தாயை முதலாளி தெரிந்தே வேலைக்கு வைக்கக் கூடாது என்றது. 2020ல் இயற்றிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் அதே விதி இருக்கிறது. சம்பளத்தோடு கூடிய விடுப்பை 12 வாரத்திலிருந்து முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரமாக உயர்த்தியது 2017ல். நம் மாநில அரசு தன் பெண் ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாதம் என்று ஆக்கியது. எல்லாம் நல்ல காரியங்கள்தான். ஆனால் இதெல்லாம் முதலாளி என்று ஒருவர் இருந்தால்தான் பொருந்தும். எனக்கு நானே முதலாளி, நானே தொழிலாளி. பத்தொன்பதாம் நாள் ஒரு பிள்ளைத்தாய்ச்சியை வேலைக்கு உட்கார வைத்தேனே, வழக்குப் போட்டால் குற்றவாளியும் நான், பாதிக்கப்பட்டவளும் நான்!

2022ல் இரண்டாமவன் பிறந்தான். இந்தத் தடவை நான் செய்தவற்றை மட்டும் சொல்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது பணம். 2019லிருந்தே பில்லில் 100 ரூபாய் வந்தால் 25 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டேன். எங்கள் கூலியில் 10 சதவீதம் வரியாகப் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வந்த பணமும் அதே கணக்குக்குப் போயிற்று. காப்பீடும் அந்த வருஷமே எடுத்துவிட்டதால் காத்திருப்புக் காலம் முன்னாலேயே முடிந்துவிட்டது.

இரண்டாவது லெட்டர். ஏழாம் மாதத்தில், எனக்கு வழக்கமாக வேலை தரும் நான்கு பேருக்கும் எழுதினேன். இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிவரை வேலை எடுக்க மாட்டேன், அவசரத்துக்கு இன்னார் செய்து கொடுப்பார், இந்தத் தேதிக்குப் பிறகு பாதி வேலை எடுப்பேன் என்று. அந்த 'இன்னார்' நம் கல்லூரித் தோழிதான். மூன்று பேர் "நல்லபடியா பெத்துப் பிழைச்சு வாங்க" என்று பதில் போட்டார்கள். நான்காமவர் பதிலும் போடவில்லை, அப்புறம் வேலையும் தரவில்லை. நஷ்டம்தான், மறைக்க மாட்டேன்.

மூன்றாவது ஆள். இரண்டரை மாதம் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. பிறகு காலை பத்திலிருந்து ஒரு மணிவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒரு அக்காவைச் சம்பளத்துக்கு வைத்தோம். அந்த மூன்று மணி நேரத்தில் சம்பாதிப்பதில் ஒரு பங்கு அவருக்குப் போய்விடும். "வீட்லயே இருந்துக்கிட்டு ஆள் எதுக்கு?" என்று கேட்காத உறவினர் இல்லை. அதற்கு என் கணவர்தான் பதில் சொன்னார்: "கடைக்கு நான் பிள்ளையத் தூக்கிட்டா போறேன்?" ராத்திரி எட்டிலிருந்து பதினொன்றுவரை பிள்ளை அவர் பொறுப்பு. அதை நாங்கள் 'உதவி' என்று சொல்வதில்லை. பிள்ளை அவருக்கும் பிள்ளைதானே!

வீட்டில் இருப்பதால் கிடைத்த பாக்கியமும் உண்டு. சின்னவன் முதன்முதலில் குப்புற விழுந்ததையும், சுவரைப் பிடித்து நின்றதையும் கண்ணால் பார்த்தேன். மூத்தவளுக்கு அதெல்லாம் எப்போது நடந்தது என்று கேட்டால் அம்மாவைத்தான் கேட்க வேண்டும். அவளும் அதே வீட்டில், என் காலில் கட்டிய தூளியில் வளர்ந்தவள்தான். வீட்டில் இருப்பது வேறு, பிள்ளையோடு இருப்பது வேறு என்பதை அவள் விஷயத்தில்தான் படித்தேன். அந்தக் குறை எனக்கு இன்னும் தீரவில்லை.

கடைசியாக இரண்டு வேண்டுகோள். இங்கே கம்பெனி நடத்துகிறவர்கள், பதிப்பகம் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். வெளியே வேலை கொடுக்கும்போது, "நடுவுல உங்களுக்கு லீவு ஏதும் வேணுமா?" என்று நீங்களே ஒரு வார்த்தை கேளுங்கள். பில் வந்தால் முப்பது நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பிரசவச் செலவுக்குக் கையில் இருப்பது அந்தப் பணம்தான்.

இன்னொன்று நம் சங்கத்துக்கு. மொழிபெயர்ப்பு, கணக்கு, வடிவமைப்பு, தையல் என்று வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பழைய மாணவர்களின் பட்டியல் ஒன்றை, அவரவர் சம்மதத்தோடு தயாரிக்க வேண்டும். ஒருத்தி பிரசவத்துக்குப் போனால் அவள் வேலையை இன்னொருத்தி ஏந்திக்கொண்டு, திரும்பி வந்ததும் கையில் கொடுத்துவிடலாம். அலுவலகம் இல்லாத எங்களுக்கு இந்தச் சங்கமே லீவு லெட்டர் கொடுக்கும் இடமாக இருக்கட்டும்.

சார், வர்ற தேதியையும் போடக் கற்றுக்கொடுத்தீர்கள். இரண்டாவது பிள்ளைக்காவது அதைச் சரியாகப் போட்டுவிட்டேன்.