நம் வெயிலுக்கும் நம் புண்ணுக்கும்: மாநாட்டுத் தலைமை உரை



திசுப் பொறியியல் கருத்தரங்கை ஏலாக்குறிச்சியில் நடத்தலாம் என்று அமைப்பாளர்கள் சொன்னபோது எனக்கு உடனே நினைவுக்கு வந்தது ஒரு புண். அரியலூர் அரசர் ரங்கப்ப மழவராயருக்கு வந்த ராஜபிளவை. எந்த வைத்தியத்துக்கும் ஆறாத அந்தப் புண்ணில் வீரமாமுனிவர் அடைக்கல அன்னையை வேண்டிக்கொண்டு இந்த ஊர் மண்ணைக் குழைத்துப் பூசினார், புண் ஆறியது, மனம் நெகிழ்ந்த அரசர் கோயிலுக்கு நிலம் தந்தார் என்று இவ்வூர் மக்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். ராஜபிளவை சர்க்கரை நோயாளிகளை அதிகம் பிடிக்கும் புண் என்பது இங்குள்ள மருத்துவர்களுக்குத் தெரியும். அன்று அரசருக்கு வந்த துன்பம் இன்று நாற்று நடும் பெண்ணின் காலிலும் சிமென்ட் ஆலைத் தொழிலாளியின் குதிகாலிலும் ஆறாத புண்ணாக உட்கார்ந்திருக்கிறது. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வின்படி நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெரியவர்களில் 14.4 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. ஆகவே இந்தப் புண்ணை முன்னால் வைத்துக்கொண்டே பேச விரும்புகிறேன்.

இந்தப் புண்ணை ஆற்ற நாம் நம்பியிருக்கும் ஸ்டெம் செல் எதுவாக வளரும் என்பதில் அது ஒட்டியிருக்கும் தரைக்குப் பெரும்பங்கு உண்டு. 2006-ல் ஆடம் எங்ளரும் டென்னிஸ் டிஷரும் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்த ஒரே வகை செல்களை, ஒரே ஊட்டக் கரைசலில், விறைப்பில் மட்டும் வேறுபட்ட ஜெல்களின் மேல் விட்டார்கள். மூளையைப் போல ஒரு கிலோபாஸ்கலை எட்டாத மென்மையில் நரம்பு செல்லின் சாயல் வந்தது. 8 முதல் 17 வரை இருந்த ஜெல்லில் தசையின் சாயல். 25 முதல் 40 வரை இருந்ததில் எலும்பின் சாயல். மருந்து எதையும் மாற்றாமல் கிடைத்த விளைவு இது.

ஆனால் புண் ஒரே நிலையில் நிற்பதில்லை. இன்று மெத்தென்று இருக்க வேண்டிய இடம் சில வாரங்களில் இறுக வேண்டும், பிறகு இடத்தைப் புதிய திசுவுக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். கட்டடம் எழும்பியதும் சாரத்தைப் பிரிக்க ஆள் வருவார். செல்களைத் தாங்க உடம்புக்குள் வைத்த சாரத்தை யார் போய்ப் பிரிப்பது? சூடு, அமிலத்தன்மை, நொதி என்று சுற்றிலும் நடப்பதை உணர்ந்து தானே இளகி, தானே இறுகி, தானே கரையும் பாலிமர்கள் இதற்காகத்தான் வேண்டும்.

இவற்றில் முதலில் வெப்பத்துக்கு இணங்கும் குடும்பத்தைப் பார்ப்போம். பாலி ஐசோபுரொப்பைல் அக்ரிலமைடு 32 டிகிரிக்குக் கீழே நீரை ஏற்று விரியும், மேலே நீரைத் தள்ளிச் சுருங்கும். டோக்கியோவில் டெருவோ ஒகானோ குழுவினர் இதை வளர்ப்புத் தட்டில் மெல்லிய படலமாகப் படியவைத்தார்கள். 37 டிகிரியில் செல்கள் ஒட்டி வளரும். தட்டைக் குளிரவைத்தால் முழுத் தாளாகப் பிரிந்து வரும். டிரிப்சின் நொதி போட்டுப் பிய்க்கும்போது செல்களுக்கு இடையிலுள்ள பிணைப்புகள் அறுந்துபோகும். இதில் அந்தச் சேதம் இல்லை. 2004-ல் கோஜி நிஷிதாவும் சகாக்களும் வாயின் உள்தோல் செல்களை இப்படித் தாளாக வளர்த்து, தையல் போடாமல் நான்கு நோயாளிகளின் கருவிழியில் ஒட்டினார்கள். நால்வருக்கும் பார்வை மேம்பட்டது.

சென்னையிலும் இந்தத் தடத்தில் நல்ல வேலை நடந்திருக்கிறது. சங்கர நேத்ராலயாவின் ஆய்வு நிறுவனமும் நிச்சி-இன் மீளுருவாக்க மருத்துவ மையமும் சேர்ந்து, ஜப்பானின் யூயிச்சி மோரி உருவாக்கிய மெபியோல் ஜெல்லில் கருவிழி விளிம்பின் செல்களை வளர்த்து, முயல்களின் கண்ணில் வைத்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டன. இந்த ஜெல்லைக் கையாண்ட மாணவர்களுக்குத் தெரியும்: ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் பிப்பெட்டில் தண்ணீர்போல ஏறும். அந்தக் குளிரிலேயே செல்களைக் கலந்து இன்குபேட்டரில் வைத்தால் சற்று நேரத்தில் உறைந்து, குப்பியைச் சாய்த்தாலும் அசையாது. வளர்ந்தபின் மறுபடி குளிர்வித்தால் திரவமாகி செல்களைத் திருப்பித் தந்துவிடும். வழக்கமான வளர்ப்பு முறைக்குத் தேவைப்படும் பனிக்குடப் படலமும் வேண்டாம், எலியின் துணைச் செல்களும் வேண்டாம்.

இங்கேதான் நம் ஊர் குறுக்கே வருகிறது. அரியலூரின் அக்கினி நட்சத்திர வெயிலில், மின்சாரம் நின்ற அறையில், 32 டிகிரி என்பது குளிர்ச்சி. கூட்டுப்பாலிமரில் நீரை விரும்பும் கூறைச் சேர்த்து மாறுநிலை வெப்பத்தை உயர்த்தலாம் என்று வேதியியலாளர் சொல்வார். எவ்வளவு உயர்த்துவது? அறையின் சூடு உடம்பின் சூட்டையே தாண்டும் நாளில், உடம்பில் உறைந்து வெளியில் இளகும் ஜெல்லுக்கு இடமே இல்லை. குளிர்சாதனம் உள்ள ஆய்வகத்துக்கும் கண் அறுவைக் கூடத்துக்கும் வெப்ப ஜெல் பொருந்தும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் கட்டுப்போடும் அறைக்கு அது பொருந்தாது என்பதே என் முடிவு.

புண் தரும் சமிக்ஞையையே நாம் எடுத்துக்கொள்ளலாம். நலமான தோல் அமிலப் பக்கம் நிற்கும். நாள்பட்ட புண் காரப் பக்கம் சாயும். சர்க்கரைப் புண்ணில் மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டினேஸ் என்னும் நொதிகள் மிகையாகச் சுரந்து, புதிதாக வரும் கொலாஜனையும் வளர்ச்சிக் காரணிகளையும் தின்றுவிடுகின்றன. இந்த நொதி வெட்டும் இடங்களைப் பாலிமரிலேயே வைத்து, செல் தன் வழியைத் தானே வெட்டிக்கொண்டு நுழையும் ஹைட்ரோஜெல்லை 2003-ல் லுட்டோல்ஃபும் ஹப்பெலும் காட்டினார்கள். அதை அப்படியே நம் நோயாளிக்கு வைத்தால் நொதியின் வெறியில் சாரம் சில நாளில் கரைந்துபோகும். வெட்டும் வேகத்தை எப்படிக் குறைப்பது, மிகை நொதியை உறிஞ்சும் தியாகக் கண்ணியாகச் சாரத்தின் ஒரு பகுதியை விட்டுவைக்க முடியுமா? ஓர் ஆய்வு மாணவர் தம் முனைவர் பட்ட ஆண்டுகளை முழுவதும் கொடுக்கத் தக்க கேள்வி இது. கருவிகளும் தொலைவில் இல்லை. கொள்ளிடத்துக்கு அக்கரையில் தஞ்சாவூர் சாஸ்திராவில் நானோ இழைச் சாரங்கள் நெய்கிறார்கள். சென்னை மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொலாஜன் நெடுநாள் உறவு.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டுதலின்படி, ரத்த நோய்களுக்கான ஸ்டெம் செல் மாற்றுச் சிகிச்சை தவிர்த்த மற்றவை முறையான மருத்துவப் பரிசோதனையாக மட்டுமே நடக்கலாம். அதற்குப் பணம் வாங்கக்கூடாது. நிலத்தை அடகு வைத்துக் காலைக் காப்பாற்ற ஓடும் குடும்பத்திடம் நம் துறையின் பெயரைச் சொல்லி யாரும் ஊசி விற்பதை நாம் பொறுத்துக்கொள்ளக் கூடாது.

அமைப்பாளர்கள் என் வேண்டுகோளை ஏற்று நிகழ்ச்சி நிரலை மாற்றியிருக்கிறார்கள். முதல் அமர்வில் புண்ணுக்குக் கட்டுப்போடும் செவிலியர்கள் பேசுவார்கள். கட்டு எத்தனை நாளுக்கொரு முறை மாறுகிறது, பிரிக்கும்போது எது ஒட்டிக்கொண்டு வருகிறது, சேற்றில் இறங்கிய கால் மறுநாள் எப்படி இருக்கிறது என்று சொல்வார்கள். பாலிமர் ஆய்வாளர்கள் குறிப்பேடுகளோடு முன்வரிசைக்கு வாருங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.