வெட்டுத் துண்டில் ஏலகிரி
(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



பினாயில், ஊறுகாய் எல்லாம் செஞ்சாச்சு, வேற கைவேலை சொல்லுங்க என்று மூன்று குழுக்கள் தீர்மானம் போட்டு அனுப்பியிருந்தீர்கள். அதற்குத்தான் இன்று வந்திருக்கிறோம்.

ஷூ கம்பெனியில் அப்பர் வெட்டியபின் மிஞ்சும் தோல் துண்டுகள் நம்ம வாணியம்பாடிக்குப் புதுசில்லை. கருப்பு, காப்பிக்கொட்டை நிறம், சந்தன நிறம் என்று எத்தனை வகை! அட்டையில் அடுக்கி ஒட்டிப் பாருங்கள். சொரசொரப்பான பக்கத்தை மேலே வைத்தால் ஏலகிரிப் பாறை அப்படியே வந்துவிடும்.

குப்பையில் படமா என்று சிரிக்காதீங்க. நீலகிரியில் கூடலூர் பக்கம் பழங்குடி மக்கள், காட்டையே மூடிக்கொண்டு வளரும் உண்ணிச்செடியை வெட்டி, பட்டை உரித்து, இரும்புச் சட்டத்தில் வளைத்துக் கட்டி முழு உயர யானைகள் செய்கிறார்கள். அந்த யானைகள் 2021-ல் லண்டன் பூங்காக்களில் நின்றன. 2024-ல் அமெரிக்காவுக்கும் போயின. உண்ணிச்செடி காட்டுக்குக் கெடுதி, ஆடுமாடுகூட மேயாது. ஆனால் செய்தவர்கள் யானைகளோடு ஒரே காட்டில் வாழ்கிறவர்கள். நிஜமாகத் திரியும் யானைகளின் சாயலிலேயே செய்தார்கள். அதுதான் அதன் மதிப்பு என்பது எங்கள் எண்ணம்.

நமக்குத் தெரிந்தது மலையும் பாலாறும். சோதனைக்காக நாலைந்து பேர் உட்கார்ந்து செய்தபோது பாலாற்றில்தான் தகராறு வந்தது. எல்லாரும் நீலத் துண்டு தேடினார்கள். வயதான ஓர் அம்மா மட்டும் மணல் நிறத் தோலை ஒட்டி, நடுவில் மெல்லிசாக ஒரு கருப்பு வாரை வைத்தார். “எனக்குத் தெரிஞ்ச ஆறு இதுதாங்க” என்றார். நீலம்தான் விற்கும் என்று மற்றவர்கள் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் தோல் கழிவால் இந்த ஆறு கெட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. அதே தொழிலின் துண்டில் அதே ஆற்றைக் காட்டுகிற படத்தை ஒளித்து வைக்க வேண்டாம். இரண்டையும் விற்பனைக்கு வைப்போம்.

ஒன்று கண்டிப்பாகக் கேளுங்கள். கம்பெனியில் வெட்டி மிஞ்சிய முடிந்த தோல் மட்டும் போதும். டேனரியின் ஈரநீலத் துண்டு, ஷேவிங் தூள் எதையும் வீட்டுக்குக் கொண்டுவராதீங்க. மிச்சத் துண்டை அடுப்பில் எரிக்கவே கூடாது. குரோமியத்தில் பதனிட்ட தோலை எரித்தால், அந்தக் குரோமியம் விஷமான வகையாக மாறக்கூடும். பசை ஒட்டும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் தள்ளி இருக்கட்டும்.

விலையில் மூட்டைக் காசும் பசைக் காசும் மட்டும் சேர்த்தால் போதாது. உட்கார்ந்த மணி நேரத்தையும் நோட்டில் எழுதுங்கள். படத்தின் பின்பக்கம் குழுவின் பெயரோடு செய்தவர் பெயரும் இருக்கணும். துண்டு வாங்கக் கம்பெனிக்குக் கூட்டமைப்பே கடிதம் கொடுக்கும், தனித்தனியாகப் போய் நிற்க வேண்டாம்.

அடுத்த கூட்டத்துக்கு ஆளுக்கு ஒரு கத்தரிக்கோல், ஒரு பழைய காலண்டர் அட்டை எடுத்து வாங்க. துண்டுகளை நாங்கள் கொண்டு வருகிறோம்.