பொதுச் சொத்தும் புது ஆக்கமும்



1998ஆம் ஆண்டுப் பொங்கல் நன்னாளில் தொடங்கி, சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த ரசாயன விஞ்ஞானி கல்யாணசுந்தரம் அவர்களும் அமெரிக்காவில் வாழ்ந்த குமார் மல்லிகார்ஜுனன் அவர்களும் முன்னின்று நடத்த, பல தேசங்களில் சிதறி வாழும் தமிழர்கள் ஊதியம் கருதாது கணினியில் தட்டெழுதிச் சேர்த்த நூல்களின் நிதியமே மதுரைத் திட்டம். அதன் எந்த நூலைத் திறந்தாலும், உள்ளிட்டவர் இன்னார், மெய்ப்புப் பார்த்தவர் இன்னார் என்னும் முகப்பொன்று முன்னே நிற்கும். எவரும் இலவசமாகப் பரப்பலாம், அம்முகப்பை மட்டும் நீக்கலாகாது என்பதே நிபந்தனை. சுவடியின் இறுதியில் தன் பெயரைப் பொறித்த ஏடெழுதுவோனின் மரபும், ஏடு தந்து உதவியவர்களை முகவுரையில் நன்றியோடு நினைந்த உ.வே. சாமிநாதையரின் மரபும் அதிலே உயிரோடிருக்கின்றன.

ஆயினும், சேர்த்து வைத்ததோடு காரியம் முடிந்ததென்று இருந்துவிடலாமா? கணினியிடம் 'கல்' என்று தேடச் சொன்னால், அது 'பகல்' என்பதையும் 'கல்வி' என்பதையும் அள்ளிக் கொண்டுவந்து கொட்டும். 'கற்சிலை'யில் புணர்ச்சியால் உருமாறி நிற்கும் கல்லையோ காணாமலே போய்விடும். இக்குறையைத் தனியே தீர்க்க இலக்கணப் புலவராலும் ஆகாது, நிரல் எழுதும் இளைஞராலும் ஆகாது. இருவரும் ஒரே மேஜையில் அமர்ந்து, ஒருவர் வித்தையை மற்றவர் மதித்துக் கற்றாலன்றி வழி பிறவாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

ஆகவே இச்சபையின் முன் ஒரு வேலையை வைக்கிறேன். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு புகாரிலிருந்து உறையூர் கடந்து மதுரைக்குச் சென்ற பாதையை, அதிலும் கொடும்பாளூர்ப் பக்கத்தில் வழி மூன்றாகப் பிரிவதாக மாங்காட்டு மறையவன் விரித்துரைக்கும் காடுகாண் காதையை, தமிழ் மாணவரும் பூகோள ஆசிரியரும் கணினி கற்றவரும் கூடி ஒரு வரைபடமாக்க வேண்டும். அடிகளைத் தேட மதுரைத் திட்டத்தின் மின்பிரதி உதவும். பாடபேதம் காண அச்சுப் பதிப்புகளைப் புரட்டியே தீரவேண்டும். குளத்தையும் குன்றையும் அறிய அந்த மண்ணிலேயே நடக்கவும் வேண்டும். ஐயமான இடத்தை ஐயமென்றே குறித்து, வேலையினூடே மின்பிரதியில் கண்ட எழுத்துப் பிழைகளைத் தொகுத்து மதுரைத் திட்டத்தாருக்கு அனுப்பி, முடிந்த படத்தையும் அவர்கள் நமக்குத் தந்தவாறே எவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வைத்தல் நம் கடமை. பங்குகொள்ள விரும்புவோர், கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் தம் பெயரையும் எந்தப் பகுதி வேலையை ஏற்பர் என்பதையும் எழுதித் தருமாறு பணிவன்போடு வேண்டுகிறேன்.