பிலடெல்பியா தோற்ற இரவு

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமெரிக்கா போய்வந்தவர் யாராக இருந்தாலும் இங்கே பத்து நிமிடம் பேசியாக வேண்டும் என்பது நம் செயலாளர் போட்டிருக்கும் சட்டம். நயாகராவைப் பற்றியும் சுதந்திர தேவி சிலையைப் பற்றியும் எனக்கு முன்னால் பேசியவர்கள் நிறையச் சொல்லிவிட்டார்கள். படங்களையும் வாட்ஸப் குழுவில் பார்த்துவிட்டீர்கள். அதனால் நான் ஒரு தோல்வியைப் பற்றிப் பேசப்போகிறேன். பயப்படாதீர்கள், என் தோல்வி இல்லை. பிலடெல்பியா பில்லிஸ் என்ற பேஸ்பால் அணியின் தோல்வி.

என் மகள் வீடு நியூ ஜெர்சியில் செர்ரி ஹில் என்ற ஊரில் இருக்கிறது. டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பிலடெல்பியா. போன ஆகஸ்ட் கடைசியில் நான் போய் இறங்கியபோது வீட்டில் மூன்று பேர் தலையிலும் சிவப்புத் தொப்பி. நாலாவது தொப்பி எனக்காக மேஜைமேல் தயாராக இருந்தது. பேரன் ஐந்தாம் வகுப்பு. "தாத்தா, சாப்பிட்டுட்டு மேட்ச் பார்க்கலாம்" என்றான். அப்படித்தான் பாடம் தொடங்கியது.

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ். மூன்று பேர் அவுட் ஆனால் ஓர் இன்னிங்ஸ் முடிந்தது. பந்து எறிபவர் பிட்சர், மட்டையாளருக்குப் பின்னால் உட்கார்ந்து பிடிப்பவர் கேட்சர். மட்டையாளர் பந்தை அடித்துவிட்டு மூன்று பேஸ்களைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். நம் ஊர் போல 200, 300 எல்லாம் இல்லை. மூன்று, நாலு ரன்னில் ஆட்டம் முடிந்துவிடும்.

மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் முடியும்வரை ஓர் அணி 162 ஆட்டங்கள் ஆடுகிறது. ஏறக்குறைய தினமும் ஆட்டம்தான். முப்பது அணிகளில் பன்னிரண்டு அக்டோபரில் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போகின்றன. ஆறு மாதம் உழைத்துச் சேர்த்த பெயர், அங்கே ஐந்து ஆட்டத் தொடரிலும் ஏழு ஆட்டத் தொடரிலும் அடிபட்டுப் போகலாம். கடைசியில் சிரிப்பது ஓர் ஊர். மற்ற இருபத்தொன்பது அணிகளின் ரசிகர்களும் வெறுங்கையோடுதான் வீடு போகிறார்கள்.

பில்லிஸ் அணி 1883-இல் தொடங்கியது. இத்தனை வருடத்தில் இரண்டே முறைதான் உலகத் தொடரை வென்றிருக்கிறது, 1980-இலும் 2008-இலும். அமெரிக்கத் தொழில்முறை விளையாட்டில் 10,000 தோல்விகளை முதலில் தொட்ட அணியும் இதுதான். அந்தப் 'பெருமை' 2007 ஜூலையில் வந்தது. 1964 கதை இன்னும் மோசம். பன்னிரண்டு ஆட்டங்கள் பாக்கி, ஆறரை ஆட்ட முன்னிலை. அங்கிருந்து வரிசையாகப் பத்து ஆட்டங்களில் தோற்றார்கள். செயின்ட் லூயிஸ் அணி முந்திக்கொண்டு போய் உலகத் தொடரையும் வென்றது. அந்தக் கதை அப்பாவிடமிருந்து மகனுக்குச் சொத்து மாதிரி அங்கே கைமாறுகிறது.

இப்படி அடிபட்ட ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? தங்கள் அணியையே கூச்சல் போட்டு விரட்டுவதில் பிலடெல்பியாவுக்கு நாடு முழுக்கப் பெயர். செப்டம்பரில் மாப்பிள்ளை என்னை மைதானத்துக்கு அழைத்துப் போனார். சிட்டிசன்ஸ் பேங்க் பார்க் என்று ஒரு வங்கியின் பெயர். "உங்க பழைய டிபார்ட்மெண்ட்தான் மாமா" என்றார். திடீரென்று நாலு பக்கமும் 'பூ...' என்று சத்தம். நமக்குப் பூ என்றால் மல்லிகை, சாமந்தி. அங்கே அதுதான் வசவு. 548 ஹோம் ரன் அடித்த மைக் ஷ்மிட்டையே விட்டுவைக்காத ஊர். 1985-இல் அவர் ரசிகர்களைக் குறைசொல்லிவிட்டு, அடுத்து மைதானத்துக்குப் பொய் முடியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு வந்தார். கூட்டம் சிரித்து, எழுந்து கைதட்டியது.

அதே ஊர் இன்னொன்றும் செய்திருக்கிறது. டிரே டர்னர் என்ற ஆட்டக்காரரைப் பதினோரு வருடத்துக்கு 30 கோடி டாலர் கொடுத்து அழைத்துவந்தார்கள். முதல் வருடமான 2023-இல் மனிதருக்கு எதுவுமே சரிப்படவில்லை. ஆகஸ்ட் தொடக்கத்தில் மயாமியில் அவர் தவறவிட்ட பந்தால் ஆட்டமே போயிற்று. அடுத்து ஊர் திரும்பியதும் மட்டையோடு இறங்குகிறார். எல்லோரும் 'பூ' என்று நினைத்த இடத்தில், மைதானம் முழுக்க எழுந்து நின்று கைதட்டியது. அதுவரை 10 ஹோம் ரன் அடித்திருந்தவர் அந்த சீசனை 26-இல் முடித்தார். நகரத்து விளம்பரப் பலகைகளில் ரசிகர்களுக்கு நன்றி சொன்னார். கைதட்டலால்தான் அடித்தார் என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அந்த ஊர் இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் விஷயம் அது.

இனி சமீபத்திய நாலு வருடக் கணக்கு. 2022-இல் உலகத் தொடர் வரை போய் ஹூஸ்டனிடம் தோல்வி. 2023-இல் அதற்கு முந்தைய சுற்றில் அரிசோனாவிடம் தோல்வி. முதல் இரண்டு ஆட்டங்களை வென்று, பிறகு 3-2 என்றும் முன்னிலை பெற்று, கடைசி இரண்டையும் சொந்த மைதானத்திலேயே கோட்டை விட்டார்கள். 2024-இல் 95 ஆட்டங்கள் வென்றும் 89 வென்ற நியூயார்க் மெட்ஸிடம் அதற்கும் முந்தைய சுற்றில் தோல்வி. 2025-இல் 96 வெற்றி. ஒவ்வொரு வருடமும் வெற்றி கூடுகிறது, அக்டோபரில் மட்டும் படி இறங்குகிறது. ரசிகர்கள் கோபத்துக்கு இதுதான் காரணம்.

போன அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸோடு ஐந்து ஆட்டத் தொடர். முதல் இரண்டையும் சொந்த ஊரிலேயே தோற்றார்கள், 5-3, 4-3. அந்த வருடம் 56 ஹோம் ரன் அடித்த ஷ்வார்பர், ஹார்ப்பர், டர்னர் மூவரும் அடங்கிப்போனார்கள். மூன்றாவது ஆட்டத்தில் ஷ்வார்பர் இரண்டு ஹோம் ரன் அடித்து 8-2 வெற்றி. எங்கள் வீட்டில் மறுபடி தொப்பிகள் ஏறின.

அக்டோபர் 9, நாலாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்து 1-1. பதினோராவது இன்னிங்ஸ் கடைசியில் டாட்ஜர்ஸ் மட்டை பிடிக்க, மூன்று பேஸிலும் ஆள், இரண்டு பேர் அவுட். பிட்சர் ஓரையன் கெர்க்கரிங், 24 வயது. அடித்த பந்து அவரிடமே திரும்பி வந்து தடுமாறியது. எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. கேட்சரும் அந்தப் பக்கம்தான் கை காட்டினார். பதற்றத்தில் இவர் கேட்சர் பக்கமே எறிந்தார், பந்து விலகிப் போயிற்று. ரன் வந்தது. 2-1. சீசன் முடிந்தது.

"முட்டாள் பய" என்று கத்தியது யார் தெரியுமா? ஆறு வாரத்துக்கு முன்னால் அந்த ஆட்டத்தின் பெயர் மட்டுமே தெரிந்த நான்தான். மாப்பிள்ளை பேசாமல் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார். பேரன் தொப்பியை முகத்தின்மேல் கவிழ்த்துக்கொண்டு சோபாவில் கிடந்தான். தோள் குலுங்கியது. நான் பெரிய மனிதன் மாதிரி, "வெறும் விளையாட்டுதானேடா" என்றேன். தொப்பியை எடுக்காமலே மாடிக்குப் போய்விட்டான். மகள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே விவரிக்க முடியாது.

தூக்கம் வரவில்லை. பி.காம். படித்தவன், ஒரு காகித உறையின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒவ்வோர் ஆட்டத்திலும் நம் அணி வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 55 என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல அணிதான். ஐந்து ஆட்டத் தொடரை வெல்லும் வாய்ப்பு 59தான் வருகிறது. ஏழு ஆட்டத் தொடருக்கு 61. ஓர் ஐந்தும் இரண்டு ஏழும் வென்றால்தான் கோப்பை. மூன்றையும் பெருக்கினால் 22. அதாவது எல்லோரையும்விட நல்ல அணியாக இருந்தாலும் நூற்றுக்கு 78 தடவை அழுகைதான்.

காலையில் இதைப் பேரனிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "அப்போ அவங்க தோத்தது சரிங்கிறீங்களா?" என்றான். மாப்பிள்ளை சொன்னார்: "கணக்கு எங்களுக்கும் தெரியும் மாமா. தோத்ததுகூடப் பரவாயில்லை. நாலு வருஷமா அதே ஆளுங்க, அதே மாதிரி, அக்டோபர் வந்தா மட்டை தூங்கிடுது. அதைத்தான் தாங்க முடியலை." நியாயமான பேச்சு. ஆறு மாதம் தினமும் கூடவே இருந்தவனிடம் போய் 'வெறும் விளையாட்டு' என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

அப்புறம் பேரன் ஒரு காட்சியைப் போட்டுக் காட்டினான். கெர்க்கரிங் குனிந்து நிற்கிறார். எதிர் அணி குதிக்கிறது. வலது கோடியில் நின்ற காஸ்டெல்லானோஸ் அவரை நோக்கி ஓடிவருகிறார், தேற்றுவதற்கு. "தோத்த பிறகு எதுக்கு தாத்தா ஓடறார்?" என்று கேட்டான்.

அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் மாலை கேஷ் டாலி ஆகவில்லை. 500 ரூபாய் குறைந்தது. அப்போது அது எனக்குப் பெரிய பணம். ஒவ்வொருவராக டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தலைமைக் காசாளர் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து கட்டுக்கட்டாக என்னோடு எண்ணினார். பணம் கிடைக்கவில்லை. நான்தான் கட்டினேன். அந்த மாதக் கஷ்டம் இன்றைக்கு மறந்துவிட்டது. அந்த நாற்காலி இழுத்த சத்தம் மறக்கவில்லை.

கெர்க்கரிங் அன்றிரவே நிருபர்கள் முன் நின்று தவற்றை ஒப்புக்கொண்டார். டாட்ஜர்ஸ் உலகத் தொடரையும் வென்றது. பேரன் சமாதானமாக ஒரு வாரம் ஆனது.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன்? போன மே மாதம் நம் பிள்ளைகள் கிரிக்கெட் போட்டியில், கடைசி ஓவரில் ஒரு பையன் சுலபமான கேட்சை விட்டான். "கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?" என்று பெரியவர்கள் கத்தினோம். என் குரலும் அதில் இருந்தது. அதன் பிறகு அவன் கீழே விளையாட வரவில்லை. ஊர் திரும்பியதும் அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை அங்கிள்" என்றான். இன்னும் வரவில்லை.

இந்த மே மாதமும் போட்டி உண்டு. அம்பயரைத் திட்டுங்கள், ஏற்பாட்டைக் குறைசொல்லுங்கள், பஜ்ஜி ஆறிவிட்டது என்று என்னையும் திட்டுங்கள். தோற்றால் வருத்தப்படுங்கள், அது ரசிகனின் உரிமை. ஒரு பிள்ளை பந்தை விட்ட அந்த நிமிடத்தில் மட்டும் கைதட்டுங்கள். முடியாவிட்டால் வாயை மூடிக்கொள்வோம்.

மார்ச் கடைசியில் அங்கே புது சீசன். "இந்த வருஷம் பாருங்க தாத்தா" என்று போனில் சொல்கிறான். 22 சதவீதம் என்று நான் ஞாபகப்படுத்தவில்லை. "பார்க்கலாம்டா" என்றேன்.